கோரம் தேவையில்லை: சுரங்கச் சட்டங்களின் கணக்கில் வராத பெண்கள்

2006ஆம் ஆண்டு செப்டம்பர் 14 அன்று இந்திய அரசு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஒன்றை வெளியிட்டது. சுரங்கம், அணை, மின் நிலையம் போன்ற திட்டங்களில் எவையெல்லாம் முன் அனுமதி பெற வேண்டும், அதற்கு முன்பு மக்களிடம் எப்படிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லும் ஆவணம் அது. பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தும் முறை அதன் பின்னிணைப்பில் வரிசையாக எழுதப்பட்டிருக்கிறது. அங்கே சின்னதாக ஒரு விதி: கூட்டத்தைத் தொடங்குவதற்குக் கோரம் எதுவும் தேவையில்லை. பத்துப் பேர் வந்தாலும் தொடங்கலாம். அந்தப் பத்துப் பேரில் ஒரு பெண்கூட இல்லாவிட்டாலும் தொடங்கலாம். கூட்டம் முறைப்படி நடந்ததாகவே பதிவாகும்.

அதே ஆண்டின் இறுதியில் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் விதிகள் 2012இல் திருத்தப்பட்டபோது கிராம சபைக்கு ஒரு கோரம் வகுக்கப்பட்டது. மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும். வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கிராம சபையே அல்ல.

காட்டுக்குள் ஒரு சுரங்கம் வருவதாக இருந்தால் இந்த இரண்டு கூட்டங்களுமே நடக்க வேண்டியிருக்கும். ஒன்றில் பெண்கள் இல்லாமலே 'பொதுமக்கள்' உண்டு. மற்றொன்றில் பெண்கள் வராமல் கூட்டமே இல்லை. சுரங்கத் துறையைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் 'மக்கள் பங்கேற்பு' என்கிறார்கள். அந்த மக்களில் பெண்கள் உண்டா என்பது கூட்ட விதியில்தான் தெரியும். அந்த விதிகள் எப்படி வந்தன, அவற்றுக்குள் பெண்கள் எப்படி வந்தார்கள், எப்படி வெளியே தள்ளப்பட்டார்கள் என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம்.

கேட்காமல் எடுத்த முடிவுகள்

சுரங்கம் என்றதும் தலையில் விளக்கு கட்டிய ஆண்தான் நம் நினைவுக்கு வருகிறான். 1920களின் இந்தியாவில் நிலைமை அப்படி இல்லை. ஜாரியா, ராணிகஞ்ச் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமானவர்கள் பெண்கள். சந்தால், பவுரி போன்ற சமூகங்களைச் சேர்ந்தவர்கள். 'காமின்' என்று அவர்களுக்குப் பெயர். பெரும்பாலும் குடும்பமே ஒன்றாகக் கீழே இறங்கும். ஆண் கரியை வெட்டுவான். பெண் கூடையில் அள்ளிச் சுமந்துபோய் வண்டியில் கொட்டுவாள். கூலியும் குடும்பக் கூலிதான்.

1929இல் காலனி அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பூமிக்கு அடியில் பெண்கள் வேலை செய்யக் கூடாது. ஏற்கெனவே ஏராளமான பெண்கள் வேலை செய்துகொண்டிருந்த வங்காளம், பீகார் போன்ற மாகாணச் சுரங்கங்களில் மட்டும் பத்து ஆண்டுகளில் படிப்படியாக எண்ணிக்கையைக் குறைத்து, 1939க்குள் முழுவதுமாக நிறுத்த வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1935ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகு அந்தக் கெடு இன்னும் முன்னால் தள்ளப்பட்டு, 1937லேயே தடை முழுமையானது. பெண்களின் உடல்நலம், தாய்மை, குடும்பம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்பட்டன.

சுரங்கம் ஆபத்தானது என்பதில் பொய் இல்லை. ஆனால் வரிசையைப் பாருங்கள். பெண்களை வெளியேற்றியது 1937இல். சுரங்கத் தொழிலாளிப் பெண்களுக்கான பேறுகாலச் சலுகைச் சட்டம் வந்தது 1941இல். தாய்மையின் பெயரால் முதலில் வேலையைப் பறித்தார்கள்; தாய்மைக்கான உதவி நான்கு ஆண்டு கழித்து வந்தது. கூரை இடிந்து விழாத சுரங்கம், ஆணும் பெண்ணும் மூச்சுவிடக்கூடிய சுரங்கம் என்ற பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. நிலக்கரி போதவில்லை. 1943இல் தடை விலக்கப்பட்டு, பெண்கள் மறுபடியும் கீழே அனுப்பப்பட்டார்கள். அனைத்திந்திய மாதர் மாநாடு இதை எதிர்த்தது. அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் அம்பேத்கர். தடை நீக்கம் தற்காலிகமானது என்றும், ஆணுக்குத் தரும் அதே கூலி பெண்ணுக்கும் என்ற கொள்கை இதில் ஏற்கப்பட்டிருக்கிறது என்றும் அவர் மத்தியச் சட்டசபையில் எடுத்துச் சொன்னார். சம கூலிக் கொள்கை சிறிய விஷயமல்ல. போர் முடிந்ததும், 1946 பிப்ரவரியில், தடை திரும்பவும் வந்தது.

வெளியே போ, உள்ளே வா, திரும்ப வெளியே போ. மூன்று முடிவுகளிலும் அரசு பேசியது, முதலாளிகள் பேசினார்கள், பெண்களின் நலம் நாடிய படித்த பெண்களும் பேசினார்கள். கூடை சுமந்தவளைக் கூப்பிட்டுக் கேட்க ஒரு கூட்டம் இருக்கவில்லை.

1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் தன் 46ஆம் பிரிவில் அந்தத் தடையை அப்படியே எடுத்துக்கொண்டது. 2019இல் அது தளர்த்தப்பட்டபோது, தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாகம் ஆகிய பணிகளுக்கு மட்டும் பெண்கள் பகல் நேரத்தில் கீழே இறங்கலாம் என்றார்கள். பொறியியல் படித்த பெண்ணுக்குக் கதவு திறந்தது நல்லதுதான். காமினின் பேத்தி கூலியாக அங்கே திரும்பிப் போக அந்தத் தளர்வு இடம் தரவில்லை.

இந்தப் பழைய கதைக்கும் இன்றைய சுற்றுச்சூழல் சட்டத்துக்கும் தொடர்பு உண்டு. சுரங்கத்தில் வேலை செய்தவள், சுரங்கத்தைப் பற்றித் தெரிந்தவள், ஒரு தலைமுறைக்குள் சுரங்கத் தொழிலாளியின் மனைவியாக மாறிப்போனாள். பின்னாளில் நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்ற ஏற்பாடு வந்தபோது, அந்த ஒரு வேலை பெரும்பாலும் மகனுக்கோ கணவனுக்கோ போனது. சட்டத்தின் கண்ணில் அவள் காப்பாற்றப்பட வேண்டியவளாக இருந்தாள், கருத்துச் சொல்ல வேண்டியவளாக இருக்கவில்லை.

கருத்துக் கேட்பு வந்த விதம்

1984 போபால் விஷவாயுக் கொடுமைக்குப் பிறகு 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1994 ஜனவரியில் முதல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வெளியானது. 1997 ஏப்ரலில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமாக்கப்பட்டது. ஒரு சுரங்கம் வருவதற்கு முன்னால் ஊராரைக் கேட்க வேண்டும் என்பதை நாடு தழுவிய விதியாக எழுதியது பெரிய முன்னேற்றம். பல போராட்டங்கள் இதைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன.

ஆனால் இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது? 30 நாள் முன்னதாகச் செய்தித்தாள்களில் அறிவிப்பு வரும். தாக்க மதிப்பீட்டு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில், ஆங்கிலத்தில் இருக்கும். உள்ளூர் மொழியில் கிடைப்பது அதன் சுருக்கம் மட்டும். அது ஆட்சியர் அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி உடனிருக்க, கூட்டம் நடக்கும். பேசுவது ஒளிப்பதிவாகும். கூட்டத்தில் முடிவு எதுவும் எடுக்கப்படாது. சொன்னவை தொகுத்து மேலே அனுப்பப்படும். மேலே உட்கார்ந்திருக்கும் நிபுணர் குழு பார்த்துக்கொள்ளும்.

இந்த ஒவ்வொரு படியிலும் பெண்கள் உதிர்ந்துகொண்டே வருவார்கள். வீட்டுக்குப் பேப்பர் வாங்காதவளுக்கு அறிவிப்பு வராது. நூறு நாள் வேலைக்குப் போகிறவள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். கிராமத்திலிருந்து பஸ் ஏறிப் போக வேண்டிய மண்டபம், வாசலில் போலீஸ், மேடையில் அதிகாரிகள், முன்வரிசையில் யார் யாரோ கொண்டுவந்து இறக்கிய ஆட்கள். இதையெல்லாம் தாண்டி மைக்கைப் பிடித்தாலும், அவள் கேட்க நினைப்பது அறிக்கையில் இருக்காது. நிலத்தடி நீர்மட்டம் எத்தனை மீட்டர் என்று அறிக்கையில் எழுதியிருக்கும். அது இன்னும் இறங்கினால் எந்தக் குழாய் முதலில் வறளும், குடத்தோடு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், நடப்பது யார் என்பது எழுதியிருக்காது.

அடுத்தது பட்டா. 'பாதிக்கப்படுவோர்' என்ற பட்டியல் பெரும்பாலும் நில ஆவணத்திலிருந்தே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் 1989லேயே மகள்களுக்குக் குடும்பச் சொத்தில் பங்கு சட்டப்படி வந்தது. இருந்தும் கிராமத்துப் பட்டாக்களில் ஆண் பெயரே நிறைந்திருக்கிறது. நிலமே இல்லாத கூலிப் பெண்ணோ எந்த ஆவணத்திலும் இல்லை. 2023 ஜூலையில் கடலூர் மாவட்டம் வளையமாதேவியில், நெய்வேலி நிறுவனத்தின் கால்வாய்க்காக, நெற்பயிர் நின்ற வயலில் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். இழப்பீடு போதுமா, யாருக்கு என்பதுதான் பெரிய விவாதமாக இருந்தது. நாற்று நட்டவளுக்கு, களை எடுத்தவளுக்கு அந்த வயல் போனால் எத்தனை நாள் வேலை போகும் என்ற கணக்கை எடுக்க இழப்பீட்டுப் படிவத்தில் கட்டம் கிடையாது.

2015இல் கனிமச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளைகளை உருவாக்கினார்கள். சுரங்க நிறுவனங்கள் செலுத்தும் தொகையை, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவிட வேண்டும். முன்னுரிமைப் பணிகளில் பெண்கள், குழந்தைகள் நலமும் ஒன்று. நல்ல காரியம்தான். ஆனாலும் 1929இன் வாசனை இதிலும் அடிக்கிறது. சுரங்கம் வந்த பிறகு பெண்ணுக்கு நலத்திட்டம் உண்டு. வருமுன் கேள்வி இல்லை.

நியம்கிரியில் நடந்தது

ஒடிசாவின் ராயகடா, களஹண்டி மாவட்டங்களில் விரிந்திருக்கும் மலைத்தொடர் நியம்கிரி. அங்கே சுமார் 8,000 டோங்ரியா கோந்த் மக்கள் வாழ்கிறார்கள். மலைச் சரிவில் சிறுதானியம் விளைவித்து, வற்றாத ஓடைகளை நம்பி வாழ்பவர்கள். மலையின் தலைவனாக நியம் ராஜாவை வணங்குகிறவர்கள். மலையுச்சியில் பாக்சைட் இருக்கிறது. அடிவாரத்தில் லாஞ்சிகரில் வேதாந்தாவின் அலுமினா ஆலை இருக்கிறது.

2003இல் இந்தச் சுரங்கத்துக்காகக் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் அடிவார ஊர்களில் நடந்தன. ஆவணப்படி 'பொதுமக்கள்' கேட்கப்பட்டுவிட்டார்கள். மலைமேல் இருந்தவர்களுக்குத் திட்டம் பற்றிய விவரம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்பது பின்னர் விரிவாகப் பதிவானது. 2010இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் வன அனுமதியை மறுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 ஏப்ரல் 18 அன்று நீதிமன்றம், மலையில் உள்ள மக்களின் சமூக, பண்பாட்டு, வழிபாட்டு உரிமைகள் பற்றிக் கிராம சபைகளே ஆராய்ந்து சொல்லட்டும் என்றது. மாவட்ட நீதிபதி நிலையில் உள்ளவர் பார்வையாளராக இருக்க வேண்டும் என்றும் சொன்னது.

நூற்றுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் உள்ள மலையில் மாநில அரசு 12 ஊர்களை மட்டுமே தேர்ந்தெடுத்தது. அதற்கே எதிர்ப்பு எழுந்தது. 2013 ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கூட்டங்கள் நடந்தன. இம்முறை மண்டபம் இல்லை. நீதிபதி மலையேறி ஊருக்கு வந்தார். கோரம் இருந்தது, அதில் பெண்களுக்குக் கணக்கு இருந்தது. சில வாரங்களில் கலைந்துபோகும் கூட்டத்துக்காக இல்லாமல், தங்கள் ஊர்ச் சபையாக அவர்கள் கூடினார்கள். பெண்கள் தங்கள் மொழியில் எழுந்து பேசினார்கள். 12 ஊர்களும் ஒரே குரலில் சுரங்கம் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் அமைச்சகம் இறுதியாக அனுமதி மறுத்தது. 2016இல் மாநிலச் சுரங்க நிறுவனம் கிராம சபைகளைத் திரும்பக் கூட்டக் கோரியபோது, உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

நியம்கிரியைப் பழங்குடிகளின் வெற்றி என்று எழுதுகிறோம். அது சரி. ஒரு விதியின் வெற்றியும்தான் அது. 2003க்கும் 2013க்கும் இடையில் அந்தப் பெண்களின் தைரியம் புதிதாக முளைக்கவில்லை. ஓடை எங்கே ஊறுகிறது என்பது அவர்களுக்கு முன்பும் தெரியும். மாறியது கூட்டத்தின் இடம், மொழி, எண்ணிக்கை, அதிகாரம். அவர்கள் வராமல் முடிவு செல்லாது என்றானதும், அவர்கள் சொன்னது முடிவாகியது.

'வேண்டும்' என்று சொல்லும் உரிமையும்

பெண்களைக் கேட்டால் எல்லாச் சுரங்கத்தையும் எதிர்ப்பார்கள், அவர்கள் இயற்கைக்கு நெருக்கமானவர்கள் என்றொரு பேச்சு இருக்கிறது. அது பெண்களை மறுபடியும் கேட்காமல் இருப்பதற்கான இன்னொரு வழி. கல்லுடைத்துச் சாப்பிடும் பெண்கள் நம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குவாரியை மூடினால் அவர்கள் அடுப்புதான் முதலில் அணையும். வெடிச் சத்தத்தையும் கல்தூசியையும் நெஞ்சுக்குள் வாங்குபவர்களும் அவர்கள்தான்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறொன்று முயன்று பார்க்கப்பட்டது. அறிவொளி இயக்கம் அங்கே பெண்களைச் சைக்கிளில் ஏற்றிய காலம். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தார். அதுவரை ஒப்பந்தக்காரர்களிடம் கடனுக்கும் கூலிக்கும் கட்டுண்டு கல்லுடைத்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிகள் குத்தகைக்கு விடப்பட்டன. எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தவர்கள் லாரிக் கணக்குப் பார்த்தார்கள், விலை பேசினார்கள். கல் அதே கல், வேலை அதே வேலை. எவ்வளவு உடைப்பது, யாருக்கு விற்பது என்ற முடிவு கை மாறியிருந்தது.

அது நிலைக்கவில்லை. ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பு ஒரு பக்கம். அந்த ஏற்பாடு ஒரு நல்ல நிர்வாகத்தின் மேல் நின்றதே தவிர, சட்டத்தின் மேல் நிற்கவில்லை என்பது இன்னொரு பக்கம். அதிகாரி மாறினால் போய்விடும் பங்கேற்பை உரிமை என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும், இவ்வளவுதான் வேண்டும் என்பதற்கும் பெண்களுக்கு இடம் இருந்தால்தான் அதற்குப் பங்கேற்பு என்று பெயர்.

அரிட்டாபட்டியும் 2025 குறிப்பாணையும்

மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்தில் உள்ள அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழி கல்வெட்டும் சமணப் படுக்கைகளும் குடைவரைக் கோயிலும் உள்ள ஊர். ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பர் 7 அன்று, அதையும் உள்ளடக்கிய சுமார் 5,000 ஏக்கர் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் போனதாக மத்திய அரசு அறிவித்தது. 2023இல் கனிமச் சட்டத்தில் செய்த திருத்தத்தால் டங்ஸ்டன் உள்ளிட்ட 24 கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசிடம் போயிருந்தது. ஊர் மக்களுக்கு ஏலம் முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. இதில் விதிமீறல் எதுவும் இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கருத்துக் கேட்பு ஏலத்துக்குப் பிறகு, அனுமதி கேட்கும் கட்டத்தில்தான் வரும். நிலம் யார் கைக்குப் போகும் என்று முடிவான பிறகு, போகலாமா என்று கேட்பார்கள். பழங்குடிப் பகுதிகளுக்கான 1996ஆம் ஆண்டின் பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டமும் இங்கே உதவாது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒன்று அறிவிக்கப்படவே இல்லை.

மேலூர் வட்டார மக்கள் விதி கொடுக்காத கூட்டங்களைத் தாங்களே நடத்தினார்கள். கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய பேரணியில் பெண்கள் பெருந்திரளாக நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது.

அந்த மகிழ்ச்சி அடங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2025 செப்டம்பர் 8 அன்று மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. அணுக் கனிமங்களுக்கும், முக்கியமானவை என்று பட்டியலிட்ட கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்டுவதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றது. தேசப் பாதுகாப்புத் தேவைகள் காரணமாகச் சொல்லப்பட்டன. டங்ஸ்டன் அந்தப் பட்டியலில் இருக்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டும் அணுக் கனிமம்தான். கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டத்தை அங்குள்ள கடலோர ஊர்கள் எதிர்த்துவருகின்றன. 1943இல் போர் என்று சொல்லிப் பெண்களைக் கேட்காமல் கீழே இறக்கினார்கள். இப்போது பாதுகாப்பு என்று சொல்லி ஊரையே கேட்காமல் தோண்டலாம் என்கிறார்கள். கோரம் தேவையில்லை என்ற விதி, கூட்டமே தேவையில்லை என்பதில் வந்து நிற்கிறது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவற்றைத் திட்டவட்டமாகக் கேட்போம். ஏலத்துக்கு முன்பே கிராம சபையின் ஒப்புதல். எல்லாச் சுரங்கக் கூட்டங்களுக்கும் பெண்களைக் கணக்கில் சேர்த்த கோரம். முழு அறிக்கையும் தமிழில், ஊருக்குள் வாசித்துக் காட்டும்படி. பட்டா இல்லாத கூலிப் பெண்களும், மீன் விற்கும் பெண்களும், குவாரியில் கல்லுடைப்பவர்களும் இடம்பெறும் 'பாதிக்கப்படுவோர்' பட்டியல். இவற்றில் எதுவும் புதுக் கற்பனை இல்லை. பாதிக் கோரமும் மூன்றில் ஒரு பங்குப் பெண்களும் ஏற்கெனவே ஒரு சட்டத்தின் விதியில் இருக்கிறது. 12 ஊர்களில் அது நடந்தும் காட்டியிருக்கிறது. அடுத்த முறை உங்கள் மாவட்டத்தில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டால், வருகைப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள். பெண்களின் கையெழுத்து எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணைக் கேட்டு மனு எழுதிக் கொடுங்கள்.